சந்தனமா, சாம்பலா?

கண்புரை ஆபரேஷன் முடிந்து அன்னவாசல் வீட்டுக்குத் திரும்பிய அன்று, கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "யாருடி வெள்ளையடிச்சது?"

யாரும் அடிக்கவில்லை. மங்கிப் பழுத்த கண்வில்லை நீல ஒளியை மறித்ததால், எங்கள் வெள்ளைச் சுவர் அவளுக்குப் பல வருஷமாக மஞ்சள் பூத்தே தெரிந்திருக்கிறது. ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். அவள் பார்த்த சுவர் வேறு, நான் பார்த்த சுவர் வேறு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொங்கலுக்கு முன் பெயிண்ட் அடிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் சாம்பல் நிறத்தை அனுப்பினான். எனக்கும் பிடித்தது. அம்மா சந்தனம் என்றாள். பெயிண்டர் இரண்டையும் இரண்டடிக்கு இரண்டடி அடித்துவைத்து, "ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா" என்று போய்விட்டார்.

பிற்பகல் வெயில் வாசல் செம்மண்ணில் பட்டு உள்ளே வரும்போது சாம்பல் லேசாகச் சிவந்து அழகாகவே இருந்தது. இரவு டியூப்லைட்டில் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் பல்பு மாட்டினால் சரியாகும். ஆனால் அரிசியில் கல் பொறுக்க அம்மாவுக்கு வெள்ளை விளக்குதான் வேண்டும்.

மறுநாள் பக்கத்திலிருக்கும் சித்தன்னவாசலுக்குப் போனேன். பாறையைக் குடைந்து அறிவர் கோயிலை அமைத்தவர்கள் உள்ளே பாறையின் சாம்பலை அப்படியே விட்டுவைக்கவில்லை. சுண்ணாம்பு பூசி, காவியும் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டியிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கூரையில் தாமரைக்குளம்; மீன், அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அண்ணாந்து பார்க்கையில் கல்லுக்குள் நிற்கிற நினைப்பே எழவில்லை. வெளியே வெயிலில் அந்தப் பாறை எத்தனை கம்பீரம்! உள்ளே உட்காருகிறவருக்கு வேறொன்று தேவைப்பட்டிருக்கிறது.

நான் வாரக்கடைசியில் திருச்சியிலிருந்து வந்துபோகிறவள். தம்பி வருஷத்துக்கு ஒருமுறை. மதியமெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் அம்மா. அவள் சொன்னதைக் காதில் வாங்காமலே நாங்கள் இருவரும் போனில் முடிவெடுக்கப் பார்த்தோம்.

சாயங்காலம் அம்மா சந்தனக் கட்டத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஆப்பரேசனுக்கு முன்னாடி நம்ம செவரு இப்படித்தான்டி இருந்துச்சு."

அப்போதே பெயிண்டருக்குப் போன் போட்டேன்.