இரண்டு முட்கள்

சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா சந்தையில் கெளுத்தி வாங்குவோர் அதன் முள்ளுக்கு அஞ்சுவதில்லை. மீன்காரரே வெட்டித் துப்புரவு செய்து தருகின்றார். அதே மீன் பிடோக் படகுத்துறையில் தூண்டிலில் மாட்டி உயிரோடு மேலே வரும்போது, பிடித்தவன் கை தயங்குகின்றது. முதுகுத் துடுப்பில் ஒன்று, மார்புத் துடுப்புகளில் இரண்டு என மூன்று முட்களைக் கெளுத்தி தாங்கியுள்ளது. அச்சம் எழுந்தால் அவற்றை விறைத்து நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். அம்முட்களில் நஞ்சும் உண்டு. மலாய்க்காரர் செம்பிலாங் என்றழைக்கும் இனத்தின் குத்து மிகக் கடுமையானது. கை பொறுக்கும் வெந்நீரில் காயத்தை அமிழ்த்தினால் வலி தணியும். ஆயினும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

குத்துப்பட்ட மனிதன் மீனைச் சினந்து கொள்கின்றான். முதலில் குத்தியது எவருடைய முள் என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. மீனின் முள் தற்காப்புக்கு அமைந்தது. தூண்டிலின் முள்ளோ நம் விருப்பத்திற்கு அமைந்தது. ஆதலின் அதனை நீக்கும் கடமையும் நம்முடையதே.

அக்கடமைக்கு முறை உண்டு. கெளுத்திக்குச் செதில் இல்லை. வழுவழுப்பான படலமே அதன் உடலைக் காக்கின்றது. எனவே கையை நனைத்துக்கொண்டு, மார்பு முட்களுக்குப் பின்புறமாக விரல்களை வைத்து மீனைப் பற்ற வேண்டும். குறட்டால் தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்து, அது புகுந்த வழியே திருப்பி எடுக்க வேண்டும். முள்ளை ஆழ விழுங்கியிருப்பின் பிடுங்கலாகாது. வாயருகே தூண்டில் நரம்பை வெட்டிவிட்டால் மீன் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

குத்திய பின் காட்டும் மென்மையால் பயன் என்ன என்று வினவலாம். வினா நேரியதே. மீனின் முகத்தில் ஊறு உணரும் நரம்புகள் இருப்பதை 2003இல் லின் ஸ்னெடன் முதலிய ஆய்வாளர் காட்டினர். திரும்ப விடும் நோக்குடன் தூண்டில் போடுவதையே சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குக் காப்பு விதிகள் தடுக்கின்றன. ஆகவே, மென்மையாக முள் எடுப்பது தூண்டில் போட்டதை நியாயப்படுத்திவிடாது. எனினும், உணவுக்கெனத் தூண்டில் போடுவோனிடமும் வேண்டாத மீனும் சிறு மீனும் சிக்கவே செய்யும். அந்நேரத்தில் அவ்வுயிர் அவன் கைத்திறனையே நம்பிக் கிடக்கின்றது.

பிறிதின் நோயைத் தன் நோய்போல் கருதாத அறிவினால் பயன் என்ன என்று இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் வினவுகின்றார். அறிவில்லாத இரக்கத்தினால் பயன் என்ன என்றும் நாம் வினவ வேண்டும். விசாக நாளில் விலைக்கு வாங்கிய மீன்களை நீர்த்தேக்கத்தில் விட வேண்டாமெனத் தேசியப் பூங்காக் கழகம் அறிவுறுத்துவதன் காரணமும் இதுவே. பழகாத நீரில் பல மீன்கள் மடிகின்றன. பிழைப்பவை அங்குள்ள உயிர்களை நலிக்கின்றன.

நெஞ்சின் இரக்கம் கைக்கும் வந்து சேர வேண்டும். குறடும் நனைந்த கையும் பொறுமையும் இன்றித் தூண்டிலை எடுத்துச் செல்வோன், திருப்பித் தரும் வழியறியாமல் கடன் வாங்குவோனை ஒப்பான்.