சொல்லின் மாசு

சொல்லின்கண் நிகழுங் குற்றமெல்லாம் நாவின் குற்றமே எனப் பலர் கருதுவர். பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்னும் நான்கனையும் விலக்கினாரே தூய சொல்லுடையாரென யாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தேம். ஆயினும், இந்நான்கனையும் அஞ்சி ஒழுகுவாரும் பிறர்க்குக் கேடு சூழுஞ் சொல்லைச் சொல்லக் காண்கின்றேம். அஃது எங்ஙனமாமென ஆராய்வாம்.

நம் சித்தாந்த நூல்கள் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படுத்து ஓதும். பிறர் செவிக்குப் புலனாவது வைகரி ஒன்றே. அதற்கு முன்னரே மத்திமைக்கண் சொற்கள் உள்ளத்துள் நிரல்பட அமைகின்றன. ஆதலின், நாவிற்கு வருமுன்னரே சொல் மாசுபடுதற்கு இடமுண்டு. அம்மாசு புகும் வாயில் மூன்று. பொருளை உள்ளவாறு காணாமை ஒன்று. கண்டதன்மேல் விருப்பு வெறுப்புக்களை ஏற்றுதல் ஒன்று. கண்டதனைச் சொல்ல அஞ்சுதல் ஒன்று. ஐயமுந் திரிபும் நீங்கிய காட்சியையே அளவை நூலார் பிரமாணமாகக் கொண்டதூஉம் இதுபற்றியே என்க.

இம்மூன்றும் ஒருங்குகூடி ஓர் உயிரைக் கொன்ற வரலாற்றைச் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிற் காணலாம். கோப்பெருந்தேவியின் சிலம்பைத் தான் கவர்ந்தமை வெளிப்படுமென அஞ்சிய பொற்கொல்லன், அதனை ஒத்த சிலம்பொன்றை விற்க வந்த கோவலனைக் கள்வனென அரசற்கு உரைத்தான். பாண்டியனோ அவ்வமயம் தேவியின் ஊடல் தீர்க்கும் வேட்கையனாய் அவள் கோயில் நோக்கிச் செல்கின்றான். வேட்கையே செவியாக அச்சொல்லைக் கேட்டான். ஆராயாது, சிலம்பு அவன்பால் இருப்பின் அவனைக் கொன்று அதனை மீட்டு வருமாறு காவலரை ஏவினான்.

அக்காவலர் நிலையே நாம் பெரிதுஞ் சிந்தித்தற்குரியது. அவர் கோவலனைக் கண்டவளவில், இவன் கொல்லப்படுதற்கு உரியனல்லன் என உணர்ந்தனர். உணர்ந்ததனை வாய்விட்டும் உரைத்தனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டும் கள்வர்க்குத் துணையென விரித்து, அவன் மருந்தில் மயங்குவீராயின் அரசனது ஒறுப்புக்கு ஆளாவீர் என்றான். அச்சம் புகுந்தது, காட்சி கலங்கிற்று. இளைஞனொருவன், முன்னொரு நாள் மழையிருளிற் கள்வனொருவன் தன் வாளைப் பறித்து மறைந்தமை கூறி, அரசனும் நம்மை வருத்துவான், செய்யத்தக்கது சொல்லுமின் என்றான். தாம் முதற்கண் உரைத்த மெய்யை மீட்டும் உரைப்பார் ஆண்டு ஒருவரும் இலர். கல்லாக் குடியன் ஒருவன் வாளை வீசினான். பொய் சொன்னவன் ஒருவனே. மெய்யறிந்து வாளாவிருந்தவர் பலர்.

இதனைக் காவலர்மேல் வைத்துக் கூறுதல் எளிது. யாம் இளமையில் ஓர் அவையின்கண் பிறமதத்தார் ஒருவரோடு வாதஞ்செய்தேம். அவர் எழுப்பிய தடை வலியதென்பதனை எம் உள்ளம் உணர்ந்தது. தோற்பேமென்னும் அச்சத்தால் அத்தடையை மெலிந்ததாக மாற்றி எடுத்துரைத்து, அம்மெலிந்ததனையே மறுத்தேம். அவையோர் ஆரவாரித்தனர். எதிரியாரோ ஒன்றுங் கூறாது எம்மை நோக்கினர். பொய்யொன்றும் சொல்லிற்றிலேம் எனப் பல்லாண்டு எம்மைத் தேற்றிக்கொண்டேம். ஆயினும் அந்நோக்கு இன்றும் எம்மை விட்டு நீங்கிற்றில்லை.

அருணந்தி சிவாசாரியர் சித்தியாரிற் சுபக்கத்தின் முன்னர்ப் பரபக்கத்தை வைத்து, பிறர் கொள்கையை முதற்கண் எடுத்தோதிப் பின்னரே மறுத்த முறையின் அருமை அதன்பின்னரே எமக்கு விளங்கிற்று. தம் கொள்கையின்கண் அச்சமில்லார்க்கே பிறர் சொல்லை முழுதுங் கேட்டல் கூடும்.

ஆதலின், பேசப்புகுமுன் நம்மை நாமே வினவுதற்குரியன மூன்று. கண்டது தெளிவோ, ஐயமோ? இது மெய்யாதல் வேண்டுமென நம் விருப்போ வெறுப்போ அவாவுகின்றதோ? எதற்கு அஞ்சி இதனைச் சொல்கின்றோம், அன்றிச் சொல்லாதொழிகின்றோம்? ஐயத்தை ஐயமென்றே சொல்லுக. அச்சமுள்வழித் துணிபு கூறற்க. அஞ்சற்க என்று அபயங்காட்டும் அம்பலவன் திருக்கரத்தை நாடோறும் வணங்குவார், மெய்யுரைக்க வேண்டுமிடத்து அஞ்சி வாளாவிருத்தல் முறையாமோ? அன்பர்கள் சிந்திப்பாராக.