அம்மா செல்லமா, அப்பா செல்லமா?

வீட்டுக்கு வருகிற மாமாவோ பக்கத்து வீட்டு அத்தையோ நம்மில் பெரும்பாலோரிடம் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள். விவரமான பிள்ளை "ரெண்டு பேருக்கும்தான்" என்று சொல்லித் தப்பித்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். என்ன பதில் சொன்னாலும் ராத்திரி இரண்டு பேருக்கும் நடுவில்தான் படுக்கப் போகிறோம் என்று தெரிந்ததால் அது விளையாட்டாக இருந்தது.

பெற்றோர் பிரிந்த பிறகு அதே கேள்வி விளையாட்டாக இருப்பதில்லை. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க நம் நீதிமன்றங்கள் இன்னும் எடுத்துப் பார்ப்பது, 1890இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். யோசித்து விருப்பம் சொல்லும் வயது குழந்தைக்கு இருந்தால், நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. 'கொள்ளலாம்', அவ்வளவுதான். தீர்மானிக்க வேண்டியது குழந்தையின் நலன். அதை எடைபோடும் பொறுப்பு நீதிபதியுடையது, குழந்தையுடையது அல்ல.

நீதிமன்றத்துக்கு இருக்கிற இந்த நிதானம் வீட்டில் நமக்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்த மாதிரி வழக்கு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சாலமோன் கதை. ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கோருகிறார்கள். வாளால் பாதியாக வெட்டிக் கொடுங்கள் என்கிறார் ராஜா. வேண்டாம், அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கதறுகிறவள்தான் உண்மையான தாய். பௌத்த ஜாதகக் கதையிலும் இதே போல ஒன்று உண்டு. அங்கே கோட்டுக்கு இருபுறமும் நின்று குழந்தையை இழுக்கச் சொல்கிறார்கள். வலியில் குழந்தை அழுததும் கையை விட்டவளே தாய். இழுத்தவள் ஒரு யட்சி.

அழகான கதைகள்தான். ஆனால் கஸ்டடி வழக்குக்கு இவை உதவாது. இரண்டு கதையிலும் ஒருத்தி பொய். இங்கே பெரும்பாலும் இரண்டு பேருமே நிஜம். அம்மாவும் நிஜம், அப்பாவும் நிஜம், இரண்டு பேரின் பாசமும் நிஜம். கதையில் கையை விட்டவளுக்குக் குழந்தை முழுசாகக் கிடைத்தது. நிஜத்தில் கையை விட்டவர் குழந்தையை இழந்துவிடக்கூடும். அந்தப் பயத்தில்தான் இருவரும் இழுக்கிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் விவாகரத்தானவர். அவரும் முன்னாள் மனைவியும் கூகுள் காலண்டரில் மகனின் நாட்களை இரண்டு நிறத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக் கட்டணம், டாக்டர், லீவு நாட்கள் எல்லாம் அதில் சுத்தமாக இருக்கும். எங்களைப் போன்ற மென்பொருள் ஆட்கள் பார்த்தால் மெச்சிக்கொள்வோம். ஒருநாள் அவர் சொன்னார்: "அங்கேர்ந்து வந்ததும் 'எப்படிடா இருந்துச்சு'ன்னு கேப்பேன். 'சும்மா இருந்துச்சு'ம்பான். பீச்சுக்குப் போயிருப்பான், கசின்ஸோட ஆடியிருப்பான். அதெல்லாம் வேற யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவங்ககிட்டயும் என்னைப் பத்தி அப்படித்தான் சொல்றானாம்."

ஏழு வயதுப் பையன். ஒரு வீட்டில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு வீட்டுக்குச் செய்யும் துரோகம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டுவிட்டான். 'யார் வேணும்?' என்று யாரும் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், கேள்வி அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அப்படியென்றால் குழந்தையிடம் எதுவுமே கேட்கக் கூடாதா? கேட்கத்தான் வேண்டும். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கே நல்லா தூக்கம் வருது, ஸ்கூல் மாறினா கஷ்டமா இருக்குமா, எதுக்காவது பயமா இருக்கா என்பவை அவன் வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள். யார் வேணும் என்பது நம் மதிப்பைப் பற்றிய கேள்வி. அதற்குக் குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

இதில் ஒரு நியாயமான கோபம் உண்டு. வாரம் முழுக்க யூனிஃபார்ம் துவைத்து, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலுக்குக் கண்விழிப்பது ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மாலுக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்து நல்ல பெயர் வாங்குவது இன்னொருவர். முதலாமவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கிறார். அவரிடம் போய் 'பெருந்தன்மையாக இருங்கள்' என்று உபதேசம் செய்வது சுலபம். நான் அதைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைப் பெரியவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்; வேண்டுமானால் சண்டை போட்டே தீர்த்துக்கொள்ளட்டும். கணக்கு நோட்டைக் குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. அடிக்கிறவர், பயமுறுத்துகிறவர் விஷயம் வேறு. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு.

மற்றபடி, பிரிந்த இருவரும் ஒருவரையொருவர் மன்னிக்க வேண்டியதில்லை, புகழ வேண்டியதில்லை. நாம் நேசிப்பதை நிறுத்திவிட்ட ஒருவரை நம் பிள்ளை தொடர்ந்து நேசிக்கும். அதை நம் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழக வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. காயம் பட்டவரிடம் இதைக் கேட்பது கொடுமையாகக்கூடத் தோன்றலாம். ஆனால் அந்தச் சுமையைப் பெரியவர் சுமக்காவிட்டால் ஏழு வயதுப் பிள்ளை சுமக்க வேண்டியிருக்கும்.

"அங்க ஜாலியா இருந்துச்சு" என்று ஒரு குழந்தை பயமில்லாமல் சொல்ல முடிந்தால், அந்த வீட்டில் காலண்டர் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தாலும் பரவாயில்லை.