கடைமடைப் பிள்ளைகள்

தாராபுரம் பக்கம் தண்ணீரை யாரும் தர்மக் கணக்கில் பேசுவதில்லை. உப்பாறு அணைக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத் திட்டத் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் உட்கார்ந்தால் அது உரிமைக் குரல். தலைமடை வயல் நிரம்பியதே போதும் என்றால் இங்கே ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்பார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளின் படிப்பு என்று வந்தால் மட்டும் தராசு மாறிவிடுகிறது. எம்.எல்.ஏ. மூன்று சக்கர வண்டி கொடுத்தார், சால்வை போட்டார்கள், படம் வந்தது, அத்தோடு சரி.

வாக்குக் கணக்கு ஒன்று உண்டு, அதை இளக்காரமாகத் தள்ள முடியாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இத்தொகுதியில் தி.மு.க.வின் கயல்விழி செல்வராஜ் பா.ஜ.க.வின் எல். முருகனை வென்றது 1,393 வாக்கில். இவ்வளவு நெருக்கமான இடத்தில் சாலையும் குடிநீரும் ஆயிரம் வீட்டுக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பயிற்சி ஒரு வீட்டுக்குத்தான் தெரியும். ஆனால் தேவை தலையை எண்ணிக்கொண்டு வருவதில்லை. 6 முதல் 18 வயது வரை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வியை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022இல் ஒன்றிய அரசும் விதி வகுத்தது. நடப்பிலோ, வட்டார வள மையத்தின் ஒப்பந்தப் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். அவர் வரும் நாள்தான் அந்தப் பிள்ளைக்குப் பாட நாள்.

நியமனம் மாநில அரசின் வேலை, பணம் ஒன்றிய அரசின் கையில், எம்.எல்.ஏ. என்ன செய்வார் என்பார்கள். பாதி நியாயம். 2024-25இல் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்‌ஷா நிதி நிறுத்தப்பட்டதைத் தாராபுரத்திலிருந்து யாரும் திருப்பியிருக்க முடியாது. ஆனால் தொகுதியில் எத்தனை பயிற்றுநர் இடம் காலி என்று சட்டமன்றத்தில் கேட்பதை யார் தடுத்தார்கள்? பள்ளியில் சாய்தளம் கட்டத் தொகுதி மேம்பாட்டு நிதியும் இருக்கிறது. ஓரடிப் படிக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும். நாலடியில் முடித்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். இது தெரியாத விஷயமில்லை. வாக்குச்சாவடியாகும் பள்ளியில் சாய்தளம் இல்லையென்றால் தேர்தலுக்காகப் பலகையாவது போடுகிறார்கள். அந்தச் சாவடி மறுநாள் மறுபடி வகுப்பறை. பலகை மட்டும் வண்டியேறிப் போய்விடுகிறது.