கைதட்டலுக்குப் பின்

பாராட்டுவது மிகவும் சுலபமான காரியம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. நாலு நல்ல வார்த்தை, ஒரு கேடயம், கடைசியில் ஒரு கைதட்டல், இவ்வளவுதானே என்று நினைக்கிறோம். தண்டிப்பதற்குத்தான் விசாரணை வேண்டும், சாட்சி வேண்டும், சட்டம் வேண்டும். பாராட்டுவதற்கு நல்ல மனம் இருந்தால் போதும் என்பது நமது சித்தாந்தம். ஆனால் தவறாகக் கொடுத்த தண்டனையைப் போலவே தவறாகக் கொடுத்த பாராட்டும் ஒரு சமூகத்தைக் கெடுக்க வல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவன் முறையிடுவான். பாராட்டப்படாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் யாரிடமும் முறையிடுவதில்லை. தனக்குத் தகுதி இல்லை என்று அவன் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கிவிடுகிறான். ஒரு பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாத பாடம் ஒன்று உண்டானால், அது இதுதான்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட கிராமத்துப் பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த சுற்றுவட்டாரம், அதன்பின் ஒரு தலைமுறைக்குள் காரும் கண்ணாடியும் கைபேசியும் விளையும் பூமியாகிவிட்டது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் பலருடைய தகப்பன்மார் ஷிப்டுக்குப் போகிறவர்கள். பிள்ளை புத்தகப் பையை மாட்டிக்கொண்டு புறப்படுகிற வேளையில்தான் தகப்பன் இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு மேடையில் ஒரு பரிசு கிடைக்கிறதென்றால், அது சாமான்யமான சந்தோஷம் அல்ல. ஆகவே, அந்தப் பரிசை நாம் எதற்காகக் கொடுக்கிறோம் என்று யோசிப்பதும் சாமான்யமான கேள்வி ஆகாது.

பரிசுகள் பொதுவாக மூன்று வகை. படிப்புக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, தொண்டுக்கு ஒன்று. அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப்போல் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் இவை மூன்றும் ஒரே ஜாதி அல்ல.

முதலில் படிப்பை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக மே மாதம் வந்தால் மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று பத்திரிகைகளில் படங்கள் வரும். தாய் மிட்டாய் ஊட்டுவாள். பக்கத்தில் தலைமையாசிரியர் நிற்பார். 2017இல் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாவதற்கு முன்பே, இனி மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதில்லை என்று தமிழக அரசு முடிவு செய்தது. பலர் வரவேற்றார்கள், சிலருக்கு வருத்தம். என் நண்பர் ஒருவர் கோபமாகவே கேட்டார்: “ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவன் பெயரைச் சொல்லலாம், பரீட்சையில் முதலில் வந்தவள் பெயரைச் சொல்லக் கூடாதா? இது என்ன நியாயம் ஐயா?”

நல்ல கேள்விதான். ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஒரே விசிலுக்குப் புறப்படுகிறார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. பரீட்சையில் முடிகிற கோடு மட்டுந்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. புறப்பட்ட கோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. ஒருத்தி, டியூஷன் வாத்தியார் வீடு தேடி வந்து சொல்லிக்கொடுக்க, தனி அறையில் உட்கார்ந்து படித்தவள். இன்னொருத்தி, தம்பிக்குச் சோறு போட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, இரவு ஷிப்டு போகாத நாளில் அப்பா தூங்குகிற அதே அறையில் விளக்கை மறைத்துக்கொண்டு படித்தவள். மதிப்பெண் பட்டியல் இருவரும் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லும். எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சொல்லாது.

இதனால் நன்றாகப் படித்தவளைப் பாராட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கடியில் விழித்துப் படித்த ஒரு குழந்தையைப் பார்த்து, “நன்றாகச் செய்தாய்” என்று சொல்ல வாய் வராத சமூகம் வேறு எதையும் உருப்படியாகச் சொல்லப் போவதில்லை. நான் சொல்வதெல்லாம், அவளைப் பாராட்டுவதற்கு இன்னொருத்தியை அவளுக்குக் கீழே நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான்.

விளையாட்டிலும் ஒரே கோடு என்பது பாதி உண்மைதான். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் பள்ளிக்குப் போகிற வழியில் பஸ் ஏறி ஒரு கால் சிதைந்தவர். தாயார் காய்கறி விற்று வளர்த்தார். அவர் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது நாடே கைதட்டியது. அளவுகோல் 1.89 என்றுதான் காட்டியது. நம் கண் கலங்கியது அந்த எண்ணுக்காகவா? இல்லை. எண்ணுக்குப் பின்னே இருந்த தூரத்துக்காக. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைத் தாம் படித்த பள்ளிக்குத் தர அவர் முன்வந்தார் என்ற செய்தியைப் படித்தபோது, அந்த உயரம் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டதாகவே எனக்குப் பட்டது.

மூன்றாவது தொண்டு. சிக்கல் இங்கேதான் வருகிறது.

அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் விழாவுக்கு ஒரு முறை என்னை அழைத்திருந்தார்கள். பரிசுப் பட்டியலைக் காட்டி, “தொண்டுக்கான பரிசு நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் பையனுக்குப் போகிறது ஸார், முகாமில் நன்றாக வேலை செய்தான்” என்றார் ஆசிரியை. பிறகு சற்றுத் தயங்கி, பதினோராம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னார். அவள் தெருவில், கட்டட வேலைக்காக வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் குடியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. பள்ளியில் சேர்த்தால் ஊமைபோல் உட்கார்ந்திருக்கும். இந்தப் பெண் தினமும் மாலையில் அவர்களை வாசலில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

“அவளுக்கு ஏன் பரிசு இல்லை?” என்றேன்.

“கேட்டேன் ஸார். ‘அதுக்கெல்லாம் எதுக்கு மிஸ்? அதுங்களோட நான் விளையாடிக்கிட்டுத்தானே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டாள்.”

அந்தப் பதிலை நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஆண்டு கேடயத்துக்காக இன்னும் நாலு பேர் வாசலில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்திருக்கலாம். அதில் தவறென்ன, பிள்ளைகள் படிக்கட்டுமே என்று கேட்கலாம். படிக்கட்டும். ஆனால் கேடயம் கைக்கு வந்த மறுநாள் வாசல் காலியாகிவிட்டால், அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது தமிழ் எழுத்தை அல்ல. மனிதர்களைப் பற்றிய ஒரு கசப்பை. அதற்காக, தொண்டைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிடலாமா? அதுவும் கூடாது. மார்க்குக்கும் ஓட்டத்துக்கும் மட்டும் மணியடித்துவிட்டு இதற்கு மௌனம் சாதித்தால், இது ஒரு பொருட்டே அல்ல என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டதாகும்.

பரிசு வேறு, நன்றி வேறு என்பதை நாம் மறந்துவிட்டதால்தான் இந்தக் குழப்பம். பரிசு என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது. நன்றி என்பது பெற்றுக்கொண்டவர் கொடுத்தவருக்குச் சொல்வது. படிப்புக்கும் விளையாட்டுக்கும் பரிசு கொடுக்கலாம். தொண்டுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். அதையும் தலைமை வகிக்க வந்த என்னைப் போன்றவர்கள் சொல்லக் கூடாது. அந்த வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கற்ற குழந்தை ஒன்று மேடையேறித் தன் புதுத் தமிழில் “அக்காவுக்கு நன்றி” என்று சொல்லட்டும். அந்த நன்றியைக் குறிவைத்து யாரும் போட்டி போட முடியாது. வேலையை உண்மையிலேயே செய்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

இந்த விஷயத்தில் ஸ்ரீபெரும்புதூர் தன் சொந்தக் கதையை நினைத்துப் பார்த்தாலே போதும். ராமானுஜர் 1017இல் இந்த ஊரில் பிறந்தார் என்பது சம்பிரதாயம். ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு ஒரு மந்திரத்தின் பொருளைக் கேட்டுப் பதினெட்டு முறை நடந்தார் என்றும், பதினெட்டாவது முறைதான் திருக்கோஷ்டியூர் நம்பி உபதேசித்தார் என்றும், யாருக்கும் சொல்லக் கூடாது என்ற கட்டளையை மீறி அவர் கோபுரத்தின் மேலேறி எல்லோருக்கும் சொல்லிவிட்டார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. “இதற்கு நரகந்தான்” என்று குரு சினந்தபோது, இத்தனை பேர் கடைத்தேறினால் தாம் ஒருவர் நரகம் போவதில் சம்மதம் என்றாராம் சீடர். குரு அவரைக் கட்டித் தழுவி ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார்.

சரித்திர ஆராய்ச்சியாகவோ மத விஷயமாகவோ இதை நான் இங்கே எடுக்கவில்லை. ஓர் ஆசிரியர் ஒரு மாணாக்கரைப் பாராட்டிய கதையாக எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டு முறை நடந்த உழைப்புக்கு அவருக்குக் கிடைத்தது உபதேசம். பட்டப்பெயர் அதற்காகக் கிடைக்கவில்லை. கற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டதற்காகக் கிடைத்தது. அதுவும், குரு தாம் விதித்த விதியைவிட மாணாக்கரின் மனம் பெரிது என்று ஒப்புக்கொண்டு கொடுத்த பெயர். பாராட்டு என்றால் அப்படி இருக்க வேண்டும். பாராட்டுகிறவரும் அதனால் கொஞ்சம் மாற வேண்டும்.

இங்கேதான் பெரியவர்களாகிய நம்முடைய கடன் ஆரம்பமாகிறது. மேடையில் கைதட்டி அனுப்புகிற பெண் பிளஸ் டூ முடித்ததும் எங்கே போகிறாள்? சிலர் கல்லூரிக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் வந்த பிறகு, அந்த வழி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. வேறு பலர் தொழிற்சாலை வாசலுக்குப் போகிறார்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பள்ளி மேடையில் கைதட்டல் பெற்றவர்களாகத்தானே இருக்க வேண்டும்? தொழிற்சாலைக் கதவு சாத்தப்பட்ட அன்று, கைதட்டிய கைகள் எங்கே இருந்தன?

2021 டிசம்பரில் இன்னொன்று நடந்தது. ஒரு கைபேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டு மற்றப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போக்குவரத்து நின்றது, பலர் எரிச்சல்பட்டார்கள். எனக்கோ வேறு விதமாகத் தோன்றியது. ‘பக்கத்தில் இருப்பவளுக்காகக் கவலைப்படு’ என்று பள்ளியில் நாம் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர்கள் நடுரோட்டில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் செய்தால் சமூகத் தொண்டு, சாலையில் செய்தால் இடையூறா? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கடனில் ஒரு பகுதி அடைந்தது என்று நான் அதைக் கணக்கில் வரவு வைக்கிறேன். முழுதும் அடைந்துவிடவில்லை.

ஒரு பிள்ளையைப் பாராட்டுவது, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பிராமிசரி நோட்டுப் போன்றது. ‘உன் உழைப்பு எங்களுக்குத் தெரிகிறது, இனி உன் வழியில் நாங்களும் ஒரு பொறுப்பாளி’ என்பதுதான் அதன் வாசகம். கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டு நோட்டைக் கிழித்துப் போடுகிறவர்கள் விழா நடத்தலாம். பாராட்டினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனவே விழா நடத்துங்கள். படித்தவளின் பெயரை உரக்கச் சொல்லுங்கள், ஓடியவனுக்குக் கைதட்டுங்கள், தொண்டு செய்தவளுக்கு, அவளால் பயன் பெற்றவர் வாயால் நன்றி சொல்லச் செய்யுங்கள். பிறகு, விழா முடிந்து ஓர் ஆண்டு கழித்து, பட்டியலில் இருந்த பிள்ளைகளும் பட்டியலில் இல்லாத பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாள் போய் விசாரியுங்கள். அன்றைக்குத்தான் நாம் தட்டிய கைக்கு மதிப்பு உண்டாகும்.