கட்ட வேண்டியதும் பார்க்க வேண்டியதும்

பில் கட்டும் ஆப்பைத் திறந்தால் போதும், 'ஆட்டோ பே போட்டுக்கொள்ளுங்கள்' என்று கூப்பிடுகிறது. கரன்ட் பில், போன், இன்டர்நெட், இன்சூரன்ஸ் எல்லாம் தேதி வந்ததும் தானே போய்விடும். கடைசி நாள் எது என்று காலண்டரில் வட்டம் போட வேண்டாம். நல்ல வசதிதான். ஆனாலும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பில் பணத்தை மட்டும் கேட்பதில்லை. வீடு எப்படி நடக்கிறது என்றும் சொல்கிறது. கரன்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலையும் கைவிட்டுப் போய்விடும். அதனால் 498 யூனிட்டுக்கும் 502 யூனிட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நாலு யூனிட் காசு அல்ல, இருநூறு ரூபாய்க்கும் மேல். ரீடிங் எடுத்துப் போன அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் விசாரணை நடக்கும். மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது, ஏசியை எத்தனையில் வைக்கிறோம், ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் சரியாக மூடுகிறதா என்று பேச்சு நீளும். சத்தமில்லாமல் போகிற பணத்துக்கு இந்த விசாரணை கிடையாது.

இன்சூரன்ஸ் பிரீமியம் வேறு ஜாதி. ஆயுள் காப்பீட்டில் பெரும்பாலும் வருஷா வருஷம் அதே தொகை. உற்றுப் பார்க்க ஒன்றுமில்லை. மறந்து, சலுகை நாட்களும் தாண்டிவிட்டால் பாலிசியே காலாவதியாகிவிடும். அதைத் தானியங்கியிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

பாதுகாப்புக்கும் வழி இருக்கிறது. கார்டிலிருந்து இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. தொகை மாறும் பில்லுக்கு உச்சவரம்பு வைக்கலாம். வேண்டாமென்றால் ரத்தும் செய்யலாம். ஆனால் அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்கிற ஆள் வேண்டுமே! கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி அபராதமும் பிடிக்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய கவலையில்லை. இன்று வரும், நாளை வராது என்கிற வருமானக்காரர் கட்டும் நாளைத் தன் கையில் வைத்துக்கொள்வதே நல்லது.

தொகை மாறாததை மெஷினிடம் கொடுங்கள். நம் பழக்கத்தைப் பொறுத்துக் கூடிக் குறைவதை, பார்த்துவிட்டு நீங்களே கட்டுங்கள்.