பழையதைக் கேட்டு வாங்கியவர்

கெட்டுப்போன ஒரு கண்டென்சரை, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு தகர உருளையை, ஒரு மனிதர் ஏன் கேட்டு வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு போனார் என்னும் கேள்வி சில வருஷங்களாக என்னை விடுவதாயில்லை. வேறு காரியங்களில் மனம் தோய்ந்திருக்கும் சமயங்களில்கூட அது வந்து எதிரே நிற்கிறது. அந்தச் செய்கையில் நான் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்று திடமாக நம்புகிறேன். அது இன்னதென்று சொல்லத்தான் முடியவில்லை.

நான் வசிப்பது அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், சீடர் ராப்பிட்ஸ் நகரத்தின் ஓரத்தில். 2020 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை, நடுப்பகல் கடந்த சற்று நேரத்தில் அந்நகரத்தைத் தாக்கிய காற்றுக்கு டெரேச்சோ என்று பெயர். அயோவாவின் வானிலையை ஆராய்ந்த குஸ்டாவுஸ் ஹின்ரிக்ஸ் 1888-இல் இட்ட பெயர் அது. ஒரு தெருவைப் பிடுங்கி அடுத்த தெருவை விட்டுவிடும் சுழற்காற்றின் இனமன்று இது. இடிமேகங்கள் வில்லாக வளைந்து அணிவகுத்து வர, மழையால் குளிர்ந்து கனத்த காற்று மேலிருந்து கொட்டித் தரையில் மோதி, ஒரே திசையில் நேராகப் பாயும். அன்றைய புயல் சுமார் 770 மைல் தூரத்தை 14 மணி நேரத்தில் கடந்து சென்றது. எங்கள் பக்கத்தில் அதன் உச்ச வேகம் மணிக்கு 140 மைல் அளவுக்கு இருந்திருக்கும் என்று சேதத்தைக் கண்டு கணித்தார்கள். நகரத்து மரங்களில் பாதிக்குமேல் அழிந்தன; கதிர் முற்றும் தறுவாயில் இருந்த மக்காச்சோளம் மைல் கணக்கில் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பெருந்தொற்றுக் காலமாகையால் ஒருவரையொருவர் அண்டி நிற்கவும் தயக்கமாயிருந்தது.

எங்கள் வீட்டுக் கொட்டகையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சிறிய டிராக்டர் நிற்கிறது. வீட்டை எங்களுக்கு விற்றவர்கள் விட்டுச் சென்றது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில் 1960 முதல் செய்துவந்த கப் கேடட் வரிசையில், அடுத்த சில வருஷங்களில் வெளிவந்த 100 என்னும் மாதிரி. ஒற்றைச் சிலிண்டர் கோலர் எஞ்சின், 10 குதிரைச் சக்தி. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் நகரங்களின் ஓரத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மனைகளில் குடியேறியபோது, வயல் டிராக்டருக்குச் சிறியதும் கையால் தள்ளும் யந்திரத்துக்குப் பெரியதுமான அந்த நிலத்துக்கென்று பிறந்த ஜாதி இது. இண்டியானாவின் சவுத் பெண்ட் ஊரில் பாண்ட் குடும்பத்தார் 1946-இல் தொடங்கிய சிவப்பு வீல் ஹார்ஸ், விஸ்கான்சினின் ஹொரிகனில் 1963-இல் ஜான் டியர் கம்பெனி கொண்டுவந்த பச்சை 110 ஆகியவை இதன் உறவினர்கள். கோடையில் புல் வெட்டும், வசந்தத்தில் மண்ணைக் கிளறும், மார்கழி தையில் முன்னால் பலகையை மாட்டினால் பனியை ஒதுக்கும். இவற்றைத் தேடிப் பிடித்துப் பிரித்துக் கழுவி மறுபடியும் ஓட வைப்பதைத் தம் ஓய்வுக் காலத்தின் விரதமாகவே கொண்டவர்கள் இந்தப் பிரதேசத்தில் ஏராளம். என் மனிதர் அவர்களில் ஒருவர். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். புயலுக்குமுன் அவரோடு கையசைத்ததோடு சரி.

விழுந்த மரத்தின் துண்டங்களைச் சங்கிலியில் கட்டித் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும். சூடேறியதும் தும்மித் தும்மி நின்றுவிடும். நடந்து போய்க்கொண்டிருந்த அவர் நின்று, அந்தத் தும்மலைச் சிறிது நேரம் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மறுபடி வந்தபோது கையில் ஒரு கண்டென்சரும், ஒரு சிறு அரமும், விறைப்பான ஒரு விசிட்டிங் கார்டும் இருந்தன. எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள சிறிய மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு உலோகப் புள்ளிகள். நம் ஊர் மெக்கானிக்குகள் பாயின்ட் என்பது அதைத்தான். அவை பிரியும் கணத்தில் பிளக்கில் பொறி பிறக்கிறது. பிரியும் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும் மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, புள்ளிகள் கருகாமல் காப்பது கண்டென்சரின் வேலை. அது தளர்ந்துவிட்டால் புள்ளிகள் பொரியும், பொறி வலுவிழக்கும். சூட்டில் இன்னும் மோசமாகும். அவர் கருகலை அரத்தால் தேய்த்து, கார்டைப் புள்ளிகளுக்கு நடுவே செருகி இழுத்து எண்ணெய்ப் பசையைத் துடைத்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குத் திருத்தி, புதிய கண்டென்சரை மாட்டினார். எஞ்சின் ஓடியது, சூடேறியும் ஓடியது. நான் பணம் நீட்டினேன், தலையசைத்து மறுத்தார். பிறகுதான் அந்தப் பழையதைத் தாம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். கட்டம் போட்ட சட்டையின் பையில் அதைப் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார்.

இவ்வளவுதான் நடந்தது. குப்பையை யாரும் பையில் போட்டுப் பொத்தான் மாட்டுவதில்லையே என்பதுதான் அன்றிரவு மின்சாரமில்லாத இருட்டில் எனக்கு முதலில் தோன்றியது.

என் பாட்டனார் வீடு மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில். வாய்க்காலோரத்து எஞ்சின் கொட்டகையில், கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும் டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. ஆயில் எஞ்சின் என்பார்கள். பழுதானால் மன்னார்குடியிலிருந்து ஃபிட்டர் சைக்கிளில் வருவார். அவரிடம் ஒரு மாறாத வழக்கம். புது ரிங்கோ பேரிங்கோ போட்டு முடித்ததும், கழற்றிய பழையதைத் துணியில் துடைத்து, "ஐயா, பழசப் பாத்துக்குங்க" என்று தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்குவார். மாற்றினேன் என்று சொன்னது மெய்யே என்பதற்கு அது சாட்சி. தாத்தாவும் அதை விரலால் தடவிப் பார்த்து, பத்தாயத்தடியில் இருந்த மரப்பெட்டியில் போடுவார். அந்தப் பெட்டி எங்கள் விளையாட்டுச் சாமான்களின் பொக்கிஷம். தேய்ந்த ரிங்குகளை வரிசையாக அடுக்கி நானும் என் அத்தை மகனும் ராஜ்யங்கள் ஸ்தாபித்திருக்கிறோம்.

ஆக, என் அறிவுக்கு எட்டியவரை, பழைய உறுப்பு உடையவன் கைக்குத்தான் திரும்ப வேண்டும். கொடுத்தவன் எடுத்துப் போவது நான் அறிந்த ஒழுங்குக்கு நேர்மாறு. ஃபிட்டரின் வழக்கத்தில் நேர்மை இருந்தது. கூடவே, சந்தேகம் வரக்கூடும் என்ற முன்னெச்சரிக்கையும் இருந்தது. கூலி கைமாறியதும் கணக்கு அன்றே தீர்ந்தது. இங்கே கூலி இல்லை. கூலி இல்லாத இடத்தில் பழைய உறுப்பு எதிர்த்திசையில் பிரயாணம் செய்தது என்றால், அது கணக்கைத் தீர்ப்பதற்கா, திறந்தே வைப்பதற்கா?

இதற்கு வெறும் உபயோகம் சார்ந்த விளக்கங்கள் உண்டு. அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. பழைய கண்டென்சரைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தால், இன்னொரு நாள் அவசரத்தில் அதையே நல்லதென்று எண்ணித் திரும்ப மாட்டிவிட்டு நாளெல்லாம் அல்லாட நேரும். விஷயம் தெரிந்தவர்கள் கெட்ட உறுப்பை உடனே அப்புறப்படுத்துவார்கள். அல்லது, அதைப் பிடித்திருக்கும் தகரக் கவ்வி வேறொன்றுக்கு உதவலாம். இந்த மனிதர்களின் கொட்டகைகளில் ஓடும் டிராக்டர் ஒன்று இருந்தால், உறுப்புகளுக்காகவே வைத்திருக்கும் ஓடாத டிராக்டர்கள் அதைவிட அதிகம் இருக்கும். கம்பெனிகள் கைமாறிவிட்டன, கப் கேடட் 1981-இலும் வீல் ஹார்ஸ் 1986-இலும் வேறு முதலாளிகளிடம் போயின. செய்தவர்கள் கைவிட்டதைச் செய்யாதவர்கள் காப்பாற்றிவருகிறார்கள் என்றால், எதையும் எறிவதற்கு அவர்களுக்கு மனம் வராதது இயல்பே. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொத்தான் இந்த விளக்கங்களுக்குள் அடங்குவதில்லை.

அவரோடு பிறகு பழகினேன். மவுன்ட் பிளசன்ட் என்னும் ஊரில் 1950 முதல், லேபர் டே விடுமுறையையொட்டிப் பழைய விவசாய யந்திரங்களின் பெருவிழா நடக்கிறது. நீராவியால் ஓடும் பிரம்மாண்டமான எஞ்சின்களுக்கு நடுவே இந்தச் சிறு டிராக்டர்களும் வரிசையாக நிற்க, பக்கத்தில் மடக்கு நாற்காலிகளில் அவற்றின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர் என்னையும் அழைத்துப் போனார். அங்கே நடக்கும் சம்பாஷணைக்கு ஒரு கிரமம் இருப்பதைக் கவனித்தேன். முதலில் பழுதைப் பற்றிப் பேசுவார்கள்: கார்புரேட்டரில் பிசின் பிடித்தது, சிலிண்டரின் குளிர்ச்சித் தகடுகளுக்கிடையே எலி கூடு கட்டியது. அதிலிருந்து வானிலைக்குப் போவார்கள். வானிலையிலிருந்து தகப்பனாருக்குப் போய்விடுவார்கள். இண்டியானாவிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர், மாக்னெட்டோவைப் பற்றி ஆரம்பித்து, அந்த மாநிலத்தைச் சுழற்காற்றுகள் சூறையாடிய 1965 ஏப்ரல் 11, குருத்தோலை ஞாயிறன்று மாலை வானம் இருந்த நிறத்துக்கு வந்து, இடிந்த கொட்டிலின் அடியிலிருந்து தம் தந்தை டிராக்டரை மீட்டதையும், அவர் கைகளில் இருந்த பெட்ரோல் வாசனையையும் சொல்லி முடித்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அந்த மாக்னெட்டோ எந்த மாதிரி என்று ஒருவர் விசாரித்தார். எனக்கு அது மிகவும் பண்பான பதிலாகப் பட்டது.

எப்போதோ படித்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1924-இல் டில்லியில் ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியடிகளிடம், தாங்கள் எல்லா யந்திரங்களுக்கும் விரோதியா என்று கேட்டார். யந்திர மோகத்துக்குத்தான் விரோதி என்று சொன்ன அடிகள், சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் கண்ட ஒருவன் அன்பினால் செய்தது அது என்பது அவர் கூறிய காரணம். உரையாடலின் மற்றப் பகுதிகள் மங்கிவிட்டன. இது மட்டும் தங்கியிருக்கிறது. அடிகள் அன்பை யந்திரத்தின் பிறப்பில் கண்டார். எனக்கோ, பிறப்பில் வெறும் வியாபாரமாக இருந்த ஒரு யந்திரத்துக்குள்ளும், பின்னால் அதைப் பழுதுபார்ப்பவர்களின் கை வழியாக அன்பு வந்து சேரக்கூடும் என்று தோன்றுகிறது. அதற்கு யந்திரம் திறந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். பாயின்ட்டே இல்லாத இன்றைய எஞ்சின் என் கொட்டகையில் இருந்திருந்தால் அது தும்மியிராது. அவர் நின்றிருக்க மாட்டார்.

இதையே ஒரு சித்தாந்தமாக நிலைநாட்ட ஒருகால் ஆசைப்பட்டேன். அது நிற்கவில்லை. அந்த ஆகஸ்ட் மாதத்தில் எந்த யந்திரத்தையும் முன்னிட்டு அல்லாமலே ஜனங்கள் ஒருவருக்கொருவர் உதவினார்கள். ஐஸ்கட்டி வாங்கி வந்தார்கள், அரம்பங்களைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத வீடுகளுக்குப் போனார்கள். பழுதுதான் மனிதரைச் சேர்க்கிறது என்றால், சேர்வதற்காகப் பழுதை வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு புயலைக் கண்ணால் கண்டவன் அப்படி வேண்ட மாட்டான்.

1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தருகே புயல் கரையேறியபோது நான் சிறுவன். கம்பங்கள் சாய்ந்து மின்சார மோட்டார்களெல்லாம் நின்றுவிட, வயலில் தேங்கிய நீரை இறைக்கத் தாத்தாவின் ஆயில் எஞ்சின் கட்டை வண்டியில் ஏறி ஊர் முழுவதும் சுற்றியது. வாடகை வாங்கவில்லை. ஆனால், "எஞ்சின் எங்குது, டீசல் ஒங்குது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இரண்டு மரக்கால் நெல்லுக்கு வழியில்லாதவரிடமும் அதைச் சொன்னார். எனக்கு அப்போது அது கடுமையாகப் பட்டது. பாட்டியும் முகம் சுளித்தாள். அந்த மனிதர் எங்கிருந்தோ ஒரு தகர டப்பாவில் டீசல் கொண்டுவந்து தம் கையாலேயே ஊற்றினார். ஊற்றும்போது அவர் நிமிர்ந்து நின்றார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் அப்படிப் பார்த்தேனா, இன்றைய எண்ணம் அன்றைய காட்சியில் போய் ஒட்டிக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. உபகாரம் பெறுகிறவனிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்டு வாங்குவதும் உபகாரத்தின் பகுதிதானோ? அவன் வெறுங்கையோடு நிற்கும் நிலைமையைத் தவிர்ப்பதற்காகவே, பெறுமானமில்லாத ஒன்றை அவனிடமிருந்து பெறுமானமுள்ளதைப் போல் வாங்கிக்கொள்வதுதானோ? அப்படியானால் அந்தப் பொத்தானுக்கு அர்த்தம் இருக்கிறது. அல்லது, தாத்தாவிடம் அந்த வருஷம் டீசலுக்குக் காசில்லை என்பதும், என் நண்பருக்குப் பையில் எதைப் போட்டாலும் பொத்தான் மாட்டும் பழக்கம் என்பதும் மட்டுமே உண்மையாக இருக்கலாம்.

தாத்தாவைக் கேட்க முடியாது. நண்பரைக் கேட்கலாம், அவர் இரண்டு தெருவுக்கு அப்பால்தான் இருக்கிறார், பேசத் தயங்குகிறவரும் அல்லர். கேட்பதற்கென்று புறப்பட்டு, வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பழக்கம் என்று அவர் சொல்லிவிட்டால், இத்தனை காலம் நான் அதில் கண்டுவந்தது என் கற்பனையாகிவிடும். உமக்காகத்தான் என்று சொல்லிவிட்டாலோ, அவர் மறைத்துச் செய்ததை வெளியில் இழுத்துப் போட்டவனாவேன். அன்றைக்கு அவர் எடுத்துச் சென்ற பாரம் அத்தனையும் திரும்ப என் தலையிலேயே ஏறும். ஆகவே கேளாதிருப்பதே மரியாதை என்று ஒரு நாள் தோன்றுகிறது. இன்னொரு நாள், ஒருவர் செய்த நன்மையை அவர் வாயாலேயே தெரிந்துகொள்ள அஞ்சுகிறவன் அதை முழுதாகப் பெற்றவனாவானா என்று தோன்றுகிறது. இவ்விரண்டில் எது சரியென்று இதுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.